தேவையில்லாதவை

"நம்ம ஹெட்செட் சார் இன்னிக்கும் அரை சதம் அடிச்சிட்டாரு அக்கா!" பக்கத்து மேசைக்காரன் திரையைத் திருப்பிக் காட்டிச் சிரித்தான்.

மதியத்துக்குள் ஐம்பது பிழைகள். அத்தனையும் ஒரே பிழை. திறந்த அடைப்புக்குறியை மூடாமல் சேமிப்பது, அடுத்த நொடியே மூடுவது. பதினோரு வருடம் புரோகிராம் எழுதியவன் செய்கிற தப்பா இது?

குழுத்தலைவியான அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. "வெள்ளிக்கிழமைக்குள்ள இது குறையலைன்னா அவரை அனுப்பிட வேண்டியதுதாம்மா" என்று காலையில்தான் மேனேஜர் சொல்லியிருந்தார்.

மகளைப் பறிகொடுத்துவிட்டு வேலைக்குத் திரும்பிய மூன்று மாதமாக அவன் இப்படித்தான். காதில் ஹெட்செட், கண் திரையில், மனம் எங்கேயோ. ஒரு வார்த்தை ஆறுதல் சொல்ல அவளுக்கு வாய் வந்ததில்லை. லிஃப்டில் அவன் நின்றால் இவள் படியேறிப் போயிருக்கிறாள். வாயால் முடியாததைக் கையாலாவது செய்துவிடலாம் என்று அன்று அவன் மேசைக்குப் போனாள்.

"நீ புரோகிராம் எழுதற எடிட்டர் ஒரே குப்பையா கிடக்குப்பா. அதுல உக்காந்தா யாருக்குத்தான் கவனம் நிக்கும்? நான் ஒழுங்கு பண்ணித் தரட்டா?"

"உங்க இஷ்டம்க்கா" என்று ஹெட்செட்டைக் கழற்றி வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனான்.

உண்மையிலேயே குப்பைதான். செட்டிங்ஸும், எடிட்டரோடு கூடுதலாகச் சேர்த்த ப்ளகின்களும் ஒரே ஃபோல்டரில் குவிந்து கிடந்தன. நிறங்களுக்கு ஒன்று, ஷார்ட்கட்டுகளுக்கு ஒன்று, மொழிகளுக்கு ஒன்று என்று தனித்தனி ஃபோல்டர் போட்டாள். மிஞ்சியதற்கு 'தேவையில்லாதவை' என்று பெயர் வைத்தாள்.

திரை ஓரத்தில் மணி காட்டுகிற பழைய ப்ளகின் ஒன்று அதற்குள் போனது. பிழை வந்தால் ஒலி எழுப்புகிற ப்ளகின் ஒன்று, அவனே எழுதியது, நாலு வருடத்துப் பழசு. தப்புக்குச் சத்தம் வேறயா என்று அதையும் அணைத்து உள்ளே தள்ளினாள். கடைசியாக, அடைப்புக்குறியைத் திறந்தாலே அது தானாக மூடிக்கொள்ளும்படி செய்தாள். இனி அவனே நினைத்தாலும் தப்பு வராது. பல நாளுக்குப் பிறகு அவளுக்கு மனசு லேசானது.

அவன் வந்து உட்கார்ந்தான். ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு ஒரு அடைப்புக்குறி திறந்தான். அது தானாக மூடியது.

மூடியதை அழித்துவிட்டுச் சேமித்தான். தலையைச் சற்றுச் சாய்த்துக் காத்திருந்தான். மறுபடி அழித்தான். மறுபடி சேமித்தான். ஒலியைக் கூட்டினான். ஹெட்செட்டை இரண்டு கையாலும் காதோடு அழுத்திக்கொண்டான்.

"என்னப்பா நீ? நான் மூட வெச்சதை நீ அழிச்சிட்டிருக்கே!"

ஹெட்செட்டை மெல்லக் கழற்றி அவளைப் பார்த்தான்.

"தப்பு பண்ணினாத்தான்க்கா என் பொண்ணு பேசுவா."