நூல்முனை

அரியலூரில் மரியசூசை புத்தகங்களுக்கு பைண்டிங் போட்டுவந்தார். தாள்களைத் தைப்பது அவர் மனைவி ஞானப்பூ. தைத்து முடித்ததும் நூலைப் பல்லால் கடித்துத்தான் அறுப்பாள். "கத்தரி எதுக்கு இருக்கு?" என்று அவர் சலித்துக்கொள்வார். ஆடியில் காலரா வந்து அவள் இறந்துபோனாள்.

ஏலாக்குறிச்சி கோவிலின் ஜெபப் புத்தகங்கள் காத்துக் கிடந்ததால், தையலுக்கு அற்புதம்மாளை வைத்தார். முதல் நாள் மத்தியானம், தைத்திருந்த ஒரு புத்தகத்தை எடுத்துப் பார்த்தார். நூல்முனை கடித்து அறுத்திருந்தது.

"கடிக்காதீங்கம்மா. கத்தரி எதுக்கு இருக்கு?"

அற்புதம்மாள் வாயைத் திறந்து காட்டினாள். ஒரு பல்கூட இல்லை.

"நான் எதால கடிக்கிறது? அது காலையில நான் வர்றப்பவே தச்சிருந்துச்சுங்க."

மரியசூசை நூல்முனையைத் தொட்டார். ஈரமாக இருந்தது.