குங்குமம் வைத்த டிஸ்க்

தணிகாசலம் வாங்கி வந்த புது எஸ்.எஸ்.டி. டிஸ்க், நெற்றியில் குங்குமத்தோடு பழைய லேப்டாப்பின் முன்னால் வந்து உட்கார்ந்தது.

"மூடியைத் திறங்க பெரியவரே, இனி மின்னல் வேகம்தான்!"

"வா தம்பி. நீ எனக்குள்ளே பொருந்துவியான்னு அவர் பார்த்தாரா?"

"பார்க்காமலா? தள்ளுபடி பார்த்தார், ரிவ்யூ பார்த்தார், ராகுகாலம்கூடப் பார்த்தார்."

"என் ஸ்லாட்டைப் பார்த்தாரா?"

தணிகாசலம் மூடியைக் கழற்றி, டிஸ்க்கை ஸ்லாட்டில் வைத்து அழுத்தினார், சாய்த்தார், ஊதிக்கூடப் பார்த்தார். ஸ்லாட் வேறு ரகம், நுழையவில்லை.

"புது டிஸ்க்கை வீணாக்கக் கூடாது," என்று முடிவெடுத்தார். "வெள்ளிக்கிழமை இதுக்கேத்த லேப்டாப் வாங்கிடுவோம்."

"அதோட ஸ்லாட்டையாவது பார்ப்பாரா?" என்றது டிஸ்க்.

"பத்தரைக்கு ராகுகாலம் ஆரம்பிச்சிடும் தம்பி," என்றது லேப்டாப். "ஸ்லாட்டைப் பார்க்க ஏது நேரம்?"