சீல் உடையாத டின்

பத்மாவதியைப் போல மூளையில்லாத மொக்கு மனுசி இந்த வெள்ளவத்தையிலேயே இல்லையெண்டு அவவின்ர புருசன் வரதராசாவே சொல்லித் திரிஞ்சார். சொன்னதில பிழையும் இல்லை. கேட்டுப்பாருங்கோ.

மகள் சாம்பவிக்கு ஓட்டம்தான் தொழில். ஒரு கொம்பனி மாசச் சம்பளம் குடுத்து, தங்கட பேர் போட்ட பெனியனோட ஓட விட்டிருந்தது. போன மாசம் போட்டி முடிய எடுத்த சிறுநீர்ச் சோதினையில தடை செய்த மருந்து இருந்ததாம். உடனே நிப்பாட்டிப்போட்டாங்கள். குற்றம் உறுதியானால் நாலு வருசத்துக்கு ஓடேலாது. இருபத்தாறு வயசில நாலு வருசம் போனால், பிறகென்ன ஓட்டம்?

சாம்பவி அழுது சத்தியம் பண்ணினாள். தான் ஒண்டும் எடுக்கேல்லையாம். குடிக்கிற புரோட்டீன் மாவிலதான் ஏதோ கலந்திருக்கோணுமாம். அப்பிடி நடக்கிறதும் உண்டுதானே. மாவை வெளிநாட்டு ஆய்வுகூடத்துக்கு அனுப்பி, மருந்து அதிலதான் இருந்ததெண்டு காட்டினால் தண்டனை குறையுமெண்டு விசாரிக்கிற ஆக்கள் சொன்னாங்கள்.

டின் எங்கயெண்டு தேடினால், பத்மாவதி அதைக் கழுவிக் காயவச்சு மிளகாய்த்தூள் போட்டு வச்சிருக்கிறா. மா முடிஞ்ச டின்னை எறிய எங்கட சனத்துக்கு மனம் வருமோ? வரதராசா பேசின பேச்சு மேல்மாடி வரைக்கும் கேட்டது. அவ நிலத்தைப் பாத்துக்கொண்டு நிண்டா.

கழுவின டின்னின்ர அடியில அடிச்சிருந்த, மா செய்த தொகுதியின்ர நம்பர் மட்டும் தப்பியிருந்தது. அதே நம்பர் உள்ள, சீல் உடையாத இன்னொரு டின் கிடைச்சால் அதைச் சோதிக்கலாமாம். சீல் உடைஞ்சதெண்டால், ஆரும் எதையும் கலந்திருக்கலாமெண்டு ஆய்வுகூடம் தொடவும் மாட்டாதாம்.

மாவை வித்தது காலி வீதியில கடை வச்சிருக்கிற மஷூர் நானா. அவரிட்ட அந்த நம்பர் முடிஞ்சுது. மனுசன் கடையைச் சாத்திப்போட்டு மருதானை, நுகேகொடையெண்டு அலைஞ்சு, ஒரு ஜிம்காரனிட்டக் கடைசியாக் கிடந்த ஒண்டை வாங்கிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் ஃப்ளாட்டுக்கு வந்திட்டார். இனி இறக்குமதி செய்தவனிட்டயும் இல்லையாம். வரதராசா அவற்ற கையைப் பிடிச்சுக்கொண்டு அழுதே போட்டார்.

"இதில அந்த மருந்து இருந்தா என்ட கடைட பேர் போகும்," எண்டார் மஷூர் நானா. "போனாப் போகட்டும். புள்ளட வாழ்க்கைய விட கடை பெருசா?"

அவற்ற கடைச் சாமானில கலப்படமெண்டு சனம் ஏற்கனவே கதைக்கத் தொடங்கியிட்டுது. அது தெரிஞ்சும் வந்திருக்கிறார். இந்தக் காலத்தில ஆர் இப்பிடிச் செய்வினம்? சாம்பவி டின்னைத் தொடவுமில்லை, தலை நிமிரவுமில்லை. பாவம், பிள்ளைக்கு நன்றி சொல்லவும் வாய் வரேல்லையாக்கும்.

டின்னை எப்பிடிப் பத்திரமா அனுப்பிறதெண்டு ஆம்பிளையள் ரெண்டு பேரும் கதைச்சுக்கொண்டிருந்தினம். மேசையில இருந்த டின்னைத் தூக்கிக்கொண்டு பத்மாவதி குசினிக்குள்ள போனதை ஆரும் கவனிக்கேல்லை.

திரும்பி வரேக்க அவவின்ர கையில தட்டு. தட்டில ஒரு கிளாஸ், சொக்கலேட் வாசத்தோட.

"பால்மா முடிஞ்சுது நானா. வீட்டுக்கு வந்தவரை வெறும் வாயோட அனுப்பேலாதெல்லே. அதுதான் அந்த டின்னை உடைச்சுக் கரைச்சனான்."

வரதராசா தலையில அடிச்சுக்கொண்டார். உனக்கு விசரோ, பெத்த பிள்ளைக்கு இப்பிடியும் ஒருத்தி செய்வாளோ எண்டு கேட்டார். வேற நாளெண்டால் பத்மாவதி நிலத்தைப் பாத்திருப்பா. அண்டைக்கு மகளைத்தான் பாத்துக்கொண்டு நிண்டா.

சாம்பவி எழும்பினாள். "என்ர வாழ்க்கையையே கரைச்சுக் குடுத்திட்டீங்கள் அம்மா."

மஷூர் நானா கிளாசைப் பாத்தார். பிறகு அதை எடுத்து, ஒரு சொட்டு மிச்சம் விடாமல் குடிச்சார். தங்கச்சி தெரியாமச் செஞ்சது, ஏச வேணாமெண்டு வரதராசாவுக்குச் சொல்லிப்போட்டு எழும்பினார். கதவடியில செருப்பைப் போடேக்க அந்த மனுசன்ர கண் கலங்கியிருந்தது. வரதராசாவும் கேற் வரைக்கும் கூடப் போனார்.

பத்மாவதி குசினிக்குள்ள போய் கிளாசைக் கழுவத் தொடங்கினா. பின்னாலயே வந்த சாம்பவி, ஏன் அம்மா இப்பிடிச் செய்தனீங்கள் எண்டு திருப்பியும் தொடங்கினாள்.

"முதல் டின்னைத் தெரியாமல் கழுவினனான்," எண்டா பத்மாவதி. "இதைத் தெரிஞ்சுதான் உடைச்சனான். இதில ஒண்டும் இருந்திராது, பிள்ளை. போன கிழமை உன்ர சொக்ஸைத் தோய்க்க எடுக்கேக்க அதுக்குள்ள இருந்து விழுந்த மருந்துக் குளிசையள் என்னட்டத்தான் இருக்கு."

சாம்பவி, முழங்கால் நோவோட ஓடேலாமல் போச்சுது, கொம்பனி விட்டிடுமெண்டு பயந்து போனன் எண்டு ஏதோ சொல்லப் பாத்தாள். தாயின்ர கண்ணில இருந்து தண்ணி ஓடிக்கொண்டிருந்தது. பைப்பைப் பூட்டிப்போட்டு, கையைச் சீலையில துடைச்சுக்கொண்டு மகளின்ர தலையைத் தடவினா.

"ஆய்வுகூடம் சொல்லி அப்பா இதைக் கேக்கக்கூடாது. நீ சொல்லிக் கேக்கட்டும். செருப்பைப் போடு, அப்பாவும் நானாவும் இன்னும் கேற்றடியிலதான் நிப்பினம்."