கிராம சபையின் பதில்

“மத்திய அரசோட புது விதி வந்தாச்சு. இனிமே தேனெடுக்கக் காட்டுக்குள்ள யாரும் போகக் கூடாது. கெளம்பும்மா!” என்று மேசையைத் தட்டிக் கத்தினார் ஷெல்டன்.

மலைக்கிராமப் பஞ்சாயத்துச் செயலாளர் மாதி நகரவில்லை.

“அது வரைவுதான் சார். பழங்குடி கிராம சபையைக் கேக்காம விதியாக்க முடியாது.”

“நோட்டீஸ் ஒட்டினோமே!”

“இங்கிலீஷ்ல ஒட்டினா எங்க சனத்துக்கு எப்படிப் புரியும்? தமிழ்ல குடுங்க. சபையைக் கூட்டிப் பதில் சொல்றோம்.”

ஷெல்டன் எழுந்து கைதட்டினார்.

“பிரமாதம் மேடம்! ஒத்திகைக்கு அதிகாரியா நடிச்ச வக்கீல் என்னையே மடக்கிட்டீங்க. நாளைக்கு இங்க சென்னையில டெல்லி அதிகாரிங்க வர்ற கூட்டத்துலயும் இப்படியே பேசுங்க.”

“அவங்களும் இப்படிக் கத்துவாங்களா சார்?”

“இவ்ளோ கத்த மாட்டாங்க.”

“அப்போ சுலபம்தான்” என்று சிரித்தபடி, தான் தங்கியிருந்த விடுதிக்குப் போக அடையாறு பஸ்ஸைப் பிடிக்கக் கிளம்பினாள் மாதி.