கிளம்பிக்கொண்டே இருந்த நிலவு

சூரிய வெளிச்சம்கூடக் களைத்துப்போய் வந்து சேரும் தூரத்தில் ஒரு நீலக் கோள் இருந்தது. அதைச் சுற்றும் நிலவுகளில் கடைசி நிலவுக்கு மட்டும் இருப்பே கொள்ளாது. மற்றவை ஒரு பக்கமாகச் சுற்றினால் அது எதிர்ப்பக்கமாகச் சுற்றும். "நான் யாருக்கும் கட்டுப்பட்டவன் இல்லை. என்றைக்கு வேண்டுமானாலும் கிளம்பிடுவேன்" என்று முணுமுணுக்கும். ஒரு சுற்று முடிய இருபத்தைந்து வருஷம் ஆகும். அத்தனை வருஷமும் முணுமுணுக்கும்.

ஒருமுறை, கோள் கடுகளவுக்குத் தெரியும் கடைக்கோடியில் அது போய்க்கொண்டிருந்தபோது, தன்னைவிடப் பெரிய வால்நட்சத்திரம் ஒன்று எதிர்ப்பட்டது.

"இந்த இடத்துலதான் கோளோட பிடி தளர்ந்திருக்கு. நான் உன்னை உரசுறாப்பல போறேன். கொஞ்சம் மனசு வெச்சா என்கூட வந்துடலாம். வர்றியா?"

நிலவு இத்தனை காலம் கேட்டது இதைத்தானே! வால்நட்சத்திரம் நெருங்க நெருங்க நிலவின் தரையிலிருந்து புழுதி மேலே எழும்பியது. ஒரு கணம் அது திரும்பி அந்தக் கடுகைப் பார்த்தது.

"வராம என்ன? ஆனா எடுத்த சுற்றைப் பாதியில விட்டா நல்லா இருக்காது. இதை மட்டும் முடிச்சிடறேனே."

வால்நட்சத்திரத்துக்கு நின்று பழக்கமில்லை. போயேவிட்டது.

நிலவு கோளை நோக்கிச் சரிந்தது. வேகம் கூடக் கூட அதற்கு உற்சாகம் தாங்கவில்லை. கடுகு நெல்லிக்காய் ஆனது, நெல்லிக்காய் பூசணி ஆனது. எதிரே வந்த உள்வட்டத்துக் குட்டி நிலவு, வழக்கம்போலக் கேட்டது: "எங்கேண்ணே, இவ்வளவு அவசரமா?"

"கிளம்பிட்டேன்டா!" என்று கத்திக்கொண்டே அது கோளைச் சுற்றி வளைந்தது.