பினாயில் பாட்டிலுக்குப் பின்னால் ஏழு மாத்திரை

"கையும் களவுமாப் பிடிச்சாச்சு. இப்ப என்ன சொல்றீங்க அண்ணி?"

மகளின் உள்ளங்கையில் ஏழு மாத்திரைகள். குளியலறையில் சோப்பு தேடப் போனவளுக்கு, பினாயில் பாட்டிலுக்குப் பின்னால் ஒரு குட்டி டப்பாவில் அகப்பட்டவை. அப்பாவின் ரத்தக்கொதிப்பு மாத்திரையேதான்.

தினம் ஒன்று, ஒரு வேளைகூடத் தப்பக் கூடாது என்று டாக்டர் தலைபாடாக அடித்துக்கொண்ட மாத்திரை.

மருமகள் வாயைத் திறக்கவில்லை. டப்பாவைப் பார்த்தாள், கட்டிலில் படுத்திருந்த மாமனாரைப் பார்த்தாள். மற்ற நாளில் ஒன்று சொன்னால் ஒன்பது சொல்கிற வாய்!

"பாத்தியாண்ணா, உன் பெண்டாட்டி லட்சணத்தை? பக்கவாதம் வந்து அப்பாவுக்குப் பேச்சு போனதுலேர்ந்து கேக்க ஆளில்லைன்னு தைரியம். மாத்திரை குடுக்கக்கூடச் சோம்பல்! இனிமே அப்பா இங்க இருக்க வேண்டாம்."

"உங்க வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறியா?" என்றான் அண்ணன்.

"எங்க வீடு மூணாவது மாடியாச்சே! நல்ல முதியோர் இல்லமாப் பாத்துச் சேத்துடலாம். நாளைக்கே விசாரிக்கறேன்."

கட்டிலில் அப்பாவின் கண்ணோரம் நனைந்தது.

"பாருங்க, அப்பாவே அழறார்!" என்று மகளும் அழுதாள். அவளுக்கு அழுகை எப்போதுமே கைவசம் இருக்கும். மாதம் ஒருமுறை வருவாள், அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுவாள், சாயங்கால வண்டிக்குக் கிளம்பிவிடுவாள்.

மருமகள் செருப்பை மாட்டிக்கொண்டாள். "வா, மருந்துக்கடைக்குப் போலாம். அங்க பேசிக்கலாம்."

"நாலு பேர் நடுவுல மானம் போகணும்னா எனக்கென்ன? வாங்க."

தெருமுனைதான். மருந்துக்கடைக்காரர் மூக்குக்கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி, ஒரு மாத்திரையை வெளிச்சத்தில் பிடித்தார். பிறகு பிளேடால் இரண்டாக வகுந்தார்.

உள்ளே மருந்தில்லை. வெறும் கூடு.

"போலி மருந்தா சார்?" மகள் அதிர்ந்தாள்.

"அட, இல்லம்மா. அசல் கம்பெனி மாத்திரைதான். மரக்கூழ்லேர்ந்து செல்லுலோஸ்னு ஒண்ணு எடுப்பாங்க. அது இல்லாத மாத்திரை அபூர்வம். சிலதுல பொடியை உதிராமப் பிடிச்சு வைக்கும். சிலதுல தண்ணி பட்டதும் உப்பி மாத்திரையை உடைச்சு விடும். இதுல, அதைப் பக்குவம் பண்ணி மேலோடாப் போட்டிருக்காங்க. ஓட்டுல ஊசிமுனை அளவுக்கு ஓர் ஓட்டை, தெரியுதா? அது வழியா நாள் பூரா மருந்து கொஞ்சம் கொஞ்சமாக் கசியும். அதனாலதான் ஒரு நாளைக்கு ஒண்ணு போதும்."

"சரி சார், மருந்து போயிடுச்சு. ஓடு?"

"ஓடு நம்ம வயித்துல கரையாது. முழுசா வெளிய வந்துடும்."

"வெளியன்னா?"

கடைக்காரர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "வயித்துக்குள்ள போனதெல்லாம் எந்த வழியா வருமோ, அந்த வழியாத்தாம்மா."

மகள் கையை உதறினாள். மாத்திரைகள் மேசையில் சிதறி உருண்டன. "சீ, சீ!" என்று வாசல் குழாய்க்கு ஓடினாள். சோப்பு கேட்டாள். ஒருமுறை தேய்த்தாள், போதாமல் இன்னொருமுறை தேய்த்தாள்.

மருமகள் ஏழையும் ஒவ்வொன்றாகப் பொறுக்கி டப்பாவில் போட்டு மூடினாள்.

"நல்லாக் கழுவித்தான் வச்சிருக்கேன் சார். தினம் விழுங்க வைக்கவே அரை மணி மல்லுக்கட்டணும். அப்படிக் குடுத்தும் கரையாமலே வருதேன்னு ஒரு வாரமா ஒரே பயம். உங்ககிட்டக் காட்டிக் கேக்கலாம்னு எடுத்து வச்சேன். அதுக்குள்ள நாத்தனார் முந்திக்கிட்டாங்க. அப்ப மாமாவுக்கு மருந்து சரியாத்தான் போகுது, இல்ல?"

"ஒரு சொட்டு வீணாகலைம்மா."

அப்பாடா என்று அவள் பெருமூச்சு விட்டதைக் குழாயடியிலிருந்து மகள் பார்த்தாள். சோப்பு நுரை கையிலேயே காய்ந்துகொண்டிருந்தது. ஏழு நாள், ஏழு மாத்திரை. இதைத் தேடி எடுத்த கை எது என்று யாரும் அவளுக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"அண்ணி..." என்று மகள் கிட்டே வந்தாள். "அவ்வளவு பேசினேனே. அப்பவே, அங்கயே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"எப்படிச் சொல்ல?" என்றாள் மருமகள். "பெட்பான் எடுக்கறப்பல்லாம் கூச்சத்துல கண்ணை இறுக மூடிக்கற மனுஷன். பேச்சுதானே போச்சு, காது நல்லாக் கேக்குதே."