சொட்டு பெட்ரோல் இல்லாமல்

“கேட்டியா தம்பி? வந்துருச்சு பாரு சத்தம்!” ஸ்டியரிங்கை ஓங்கித் தட்டினார் பெரியண்ணன்.

பக்கத்து சீட்டில் இருந்த மெக்கானிக் பிராங்க்ளினுக்கும் கேட்டது. அதுவரை சத்தமில்லாமல் வந்துகொண்டிருந்த கார் லேசாக உறும ஆரம்பித்திருந்தது. புதுக்கோட்டைக்கு இன்னும் பத்து கிலோமீட்டர் பாக்கி.

“பிளக்-இன் ஹைபிரிட்னா இப்படித்தான் சார். வீட்டுல ஏத்துன சார்ஜ் தீந்தா, தானா பெட்ரோலுக்கு மாறிக்கிரும். அதுல என்ன கொறை?”

“எனக்குக் கொறைதான்ப்பா. கீரனூர் போயி ஒரு டீ குடிச்சுட்டு வீடு திரும்ப நாப்பத்தெட்டு கிலோமீட்டர். ராத்திரி புல் சார்ஜ் ஏத்துனா அம்பத்திரெண்டு காட்டுது. சாயங்காலம் எடுக்கறப்ப முப்பத்தெட்டுதான் இருக்கு. ஷெட்டுல சும்மா நிக்கிற வண்டியில இருந்து சார்ஜ் எங்கிட்டுப் போகும்?”

அவர் ஓட்டுவதில் பிராங்க்ளினால் ஒரு குற்றமும் சொல்ல முடியவில்லை. மடியில் பச்சைப் பிள்ளையை வைத்திருப்பவர் போலத்தான் ஓட்டினார். வேகம் அறுபதைத் தாண்டவில்லை. வேகத்தடை தூரத்தில் தெரிந்ததுமே ஆக்சிலரேட்டரில் இருந்து காலை எடுத்துவிட்டார்; வண்டி தானாக வேகம் குறையக் குறைய, அந்த வேகமே கொஞ்சம் சார்ஜாக பேட்டரிக்குத் திரும்பியது. டயருக்குக் காற்று சரியாக இருந்தது. டிக்கியில் ஒரு குடை கூடக் கிடையாது. இந்த மே மாத வெயிலில் ஏசி வேறு போடவில்லை. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

“இம்புட்டும் யாரு சார் சொல்லிக் குடுத்தது?”

“எம்மகன் அரவிந்த்குமார்தான். ஜெர்மனியில பேட்டரி கம்பெனியில இருக்கான். ரெண்டு வருசத்துக்கு முன்னால லீவுல வந்தப்ப இந்த வண்டிய வாங்கிக் குடுத்துட்டுப் போனான். அதுக்கப்புறம் வரல.” எதிரே வந்த பஸ்ஸுக்கு ஒதுங்கி வழிவிட்டார். “எப்படா வருவன்னு போன மாசம் போன்ல கேட்டேன். ‘சொட்டு பெட்ரோல் இல்லாம கீரனூர் போயிட்டு வாங்கப்பா, அன்னைக்கே டிக்கெட் போடுறேன்’னு சொல்லிட்டான்.”

“வெளையாட்டுக்குச் சொல்லியிருப்பாரு சார்.”

“வெளையாட்டுக்குத்தான் சொன்னான். அதுக்காக விட்டுற முடியுமா? நான் ஜெயிச்சுக் காட்டிட்டா அவன் வந்துதான ஆகணும்?”

பிராங்க்ளினுக்குச் சிரிப்பு வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டான்.

வீட்டுக்கு வந்ததும் லேப்டாப்பைக் காரோடு இணைத்துத் துருவ ஆரம்பித்தான். பெரியண்ணனின் மனைவி ராஜலட்சுமி காபியோடு வந்து நின்றாள்.

“பேட்டரி கெட்டுப் போச்சா தம்பி? இதச் சாக்கா வச்சு வண்டிய வித்துற மாட்டாகள்ல?”

“பேட்டரி தங்கமா இருக்குக்கா. பயப்படாதீங்க.”

அவள் நிம்மதியாக உள்ளே போனாள். பிராங்க்ளின் குரலைத் தாழ்த்தினான்.

“சார், தெனமும் மத்தியானம் ரெண்டுல இருந்து நாலு வரைக்கும் வண்டி ஆன்ல இருந்திருக்கு. நகரவே இல்ல. நின்ன எடத்துலயே ஏசி ஓடியிருக்கு. சார்ஜ் அதுலதான் போயிருக்கு.”

“ரெண்டு மணிக்கு நான் நம்ம உரக்கடையில இருப்பேனே!”

பெரியண்ணனுக்கு ரத்தம் கொதித்தது. எவனோ ஒருத்தன் வெயிலுக்கு இதமாக அவர் காரில் படுத்துத் தூங்குகிறான். அவன் தூங்குகிற தூக்கத்தில் அரவிந்தின் டிக்கெட் அல்லவா தள்ளிப்போகிறது! அன்று ராத்திரி முழுக்கப் புரண்டு புரண்டு படுத்தார். மனைவியிடம் மூச்சு விடவில்லை. பாவம், அவளும் பயந்துவிடுவாள்.

மறுநாள் இரண்டரை மணிக்குக் கடையைப் பாதி சாத்திவிட்டுக் கிளம்பினார். பைக்கைத் தெருமுனையிலேயே நிறுத்திவிட்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஷெட்டுக்கு வந்தார். காரின் கண்ணாடிகள் ஏற்றப்பட்டிருந்தன. உள்ளே யாரோ இருந்தார்கள்.

“எவன்டா அது?” என்று கத்திக்கொண்டே கதவை இழுத்துத் திறந்தார்.

ஜில்லென்று காற்று முகத்தில் அடித்தது. இடது பக்க சீட்டில், பெல்ட் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் ராஜலட்சுமி. பக்கத்தில் டிரைவர் சீட் காலியாக, நன்றாகப் பின்னால் தள்ளி இருந்தது.

“என்ன புள்ள பண்ணுற இங்க?”

“நம்ம அரவிந்து வந்திருந்தப்ப இப்படித்தாங்க பக்கத்துல உக்காந்து ஊரெல்லாம் சுத்துனேன்.” அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “இந்த ஒண்ணாம் நம்பர் பட்டன அமுக்குனா, சீட்டு அவன் உக்காந்த தோதுக்கு அதுவாப் போயி நிக்குது. அவன் வைக்கிற மாதிரியே ஏசிய வச்சுக்கிட்டு செத்த நேரம் இருப்பேன். வீடியோ போன்ல எதுத்தாப்புலதான தெரியுறான், பக்கத்துல இல்லையேங்க.”

பெரியண்ணன் கையிலிருந்த செருப்பைக் கீழே போட்டார். இத்தனை நாள் தனக்கு மட்டும்தான் அந்த ஏக்கம் என்று நினைத்திருந்தார்.

“அதுக்காக ரெண்டு மணி நேரமா புள்ள வண்டிய ஆன் பண்ணி வைப்ப? சார்ஜெல்லாம் போயிராதா?”

“எப்படிங்க போகும்? எஞ்சின் சத்தமே வரலையே!” நிஜமாகவே திகைத்துப்போனாள் ராஜலட்சுமி. “நீங்க சொட்டு பெட்ரோல் இல்லாம கீரனூர் போயிட்டு வந்துரணும், எம்புள்ள வந்து சேந்துரணும்னு தெனமும் இதுக்குள்ள உக்காந்துதாங்க சாமிய வேண்டிக்கிட்டு இருக்கேன்!”